12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் 17.5 வோல்ட் டிசி ஏன் வருகிறது, லோடு கொடுத்ததும் ஏன் விழுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 12 வோல்ட், 1 ஆம்ப் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மர், நாலு 4007 டயோடு வைத்துக் கட்டிய பிரிட்ஜ், அதன் பின்னால் 1000 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கண்டன்சர் (கெப்பாசிட்டர்). சும்மா மீட்டர் வைத்தால் 17.5 வோல்ட் டிசி காட்டுகிறது. 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் போர்டை மாட்டிப் பாட்டுப் போட்டதும் 13க்குக் கீழே இறங்குகிறது, பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம்மிங் விடாமல் கேட்கிறது. டயோடு மட்டமா, டிரான்ஸ்ஃபார்மரில் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, ஃபோன் சார்ஜரில் இவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலேயே எப்படி டிசி வருகிறது என்று மூன்று கேள்வி. முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். டயோடு போட்டாச்சு, ஏசி டிசி ஆகிவிட்டது, இனி டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிற வோல்ட் அப்படியே வெளியே வரவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது, பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் டயோடுக்குக் கொடுக்கிற இடத்தை கண்டன்சருக்குக் கொடுப்பதில்லை. ஆனால் டயோடு செய்வது பாதி வேலைகூட இல்லை. உங்கள் சர்க்யூட்டில் கஷ்டப்படுவது கண்டன்சரும் டிரான்ஸ்ஃபார்மரும்தான்.

நான் பவர் சப்ளை, ஸ்டெபிலைசர், பேட்டரி சார்ஜர் வேலையிலேயே பல வருடமாக இருப்பவன். 17.5 ஏன் வருகிறது, அது ஏன் விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஹம்மிங் மட்டும் அப்படியில்லை. பவர் சப்ளையிலிருந்து வரலாம், வயரிங்கிலிருந்து வரலாம், பாட்டு வருகிற ஒயரிலிருந்தும் வரலாம். எழுத்தில் படித்துவிட்டு இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் அதற்கு எப்படிச் சோதித்துப் பிரிப்பது என்று சொல்கிறேன், சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் 17.5. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 12 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் அளவு. ஒரு பல்பை 12 வோல்ட் பேட்டரியில் எரித்தால் எவ்வளவு சூடாகுமோ அதே அளவு சூடாக்கும் ஏசியை 12 வோல்ட் ஏசி என்கிறோம், அவ்வளவுதான். அந்த ஏசி எப்போதும் 12இல் நிற்பதில்லை, நொடிக்கு 50 தடவை பூஜ்யத்திலிருந்து ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, மறுபக்கமும் அதே மாதிரி போய் வருகிறது. அந்த உச்சி ஆர்எம்எஸ்ஸைப் போல 1.414 மடங்கு. 12க்கு அது 16.97, அதாவது 17. கண்டன்சர் இந்த உச்சியைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும், சராசரியை அல்ல. பிரிட்ஜில் ஒவ்வொரு தடவையும் கரண்ட் இரண்டு டயோடு வழியாகப் போகவேண்டும், ஒவ்வொன்றிலும் 0.7 போகும், ஆக 15.6 வரவேண்டும். உங்களுக்கு அதைவிட இரண்டு வோல்ட் அதிகமாக வருகிறதே என்றால், காரணம் டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமல் இருப்பது. நேர்மையாகச் செய்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கிற 12 வோல்ட், முழு 1 ஆம்ப் எடுக்கும்போது வரவேண்டிய வோல்ட். வைண்டிங்கின், அதாவது உள்ளே சுற்றிய கம்பியின், ரெசிஸ்டன்ஸில் கொஞ்சம் விழும் என்று தெரிந்தே ஒன்றிரண்டு வோல்ட் கூட்டிச் சுற்றியிருப்பார்கள். லோடு இல்லாதபோது 13, 14 வோல்ட் ஏசி காட்டுவது சாதாரணம். 13.1ஐ 1.414ஆல் பெருக்கிப் பாருங்கள், 18.5. மீட்டர் மட்டும் இருக்கும்போது டயோடில் கரண்டே இல்லை என்பதால் ஒவ்வொன்றிலும் அரை வோல்ட்தான் போகும். மிச்சம் 17.5. உங்கள் மீட்டர் காட்டிய அதே எண். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

இதை நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்டன்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மட்டும் குறுக்கே போட்டு டிசி ரேஞ்சில் அளந்து பாருங்கள், 10.5க்குப் பக்கத்தில் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் மாறவில்லை, டயோடு மாறவில்லை, கண்டன்சர் இருந்தால் 17, இல்லாவிட்டால் 10. டிசி ரேஞ்சில் மீட்டர் சராசரியைக் காட்டும், முழு அலையை நிமிர்த்தினால் சராசரி ஆர்எம்எஸ்ஸில் 0.9 பங்கு, அதில் டயோடு தின்றது போக மீதிதான் அந்தப் பத்தரை. டயோடு செய்தது இவ்வளவே: முன்னும் பின்னும் போய் வந்த கரண்டை ஒரே பக்கம் திருப்பியது. திருப்பிய பிறகும் அது நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத்தான் எழுகிறது. ஒரு பல்புக்கும் ஹீட்டருக்கும் அது போதும், ஆம்ப்ளிஃபயருக்குப் போதாது.

நாம் இன்று கட்டுகிற இந்த நாலு டயோடு பிரிட்ஜுக்கு 1895–96 வாக்கிலேயே காப்புரிமை வாங்கியவர் போலந்துக்காரரான கரோல் போலாக். 1897இல் ஜெர்மன் இயற்பியலாளர் லியோ கிரேட்ஸ் இதைப் பற்றித் தனியாக எழுதி வெளியிட்டதால் இன்றும் பல புத்தகங்களில் கிரேட்ஸ் பிரிட்ஜ் என்றே இருக்கிறது. அப்போது சிலிக்கான் டயோடு ஏது, அலுமினியத் தகட்டைக் கரைசலில் முக்கி ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடுகிற மாதிரி செய்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குக் காப்புரிமை வாங்கியவரும் அதே போலாக்தான். அலுமினியத்தின் மேல் படிகிற அதே மெல்லிய ஆக்சைடு படலம்தான் இரண்டுக்கும் அடிப்படை.

சரி, லோடு கொடுத்தால் ஏன் விழுகிறது? மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் நாள் முழுக்கப் போகிறது, ஆனால் மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது. ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் முழு நாள் தண்ணீரையும் ஏற்றியாக வேண்டும். கண்டன்சரும் அப்படித்தான். அலையின் உச்சி வரும்போது மட்டும் டயோடு திறந்து கண்டன்சரை நிரப்புகிறது, உச்சி தாண்டியதும் டயோடு மூடிக்கொள்கிறது, அடுத்த உச்சி வர 10 மில்லி செகண்ட் ஆகும், அதுவரை ஆம்ப்ளிஃபயர் கண்டன்சரில் இருப்பதைத்தான் குடிக்கிறது. எவ்வளவு இறங்கும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: கரண்டை, 100ஆலும் கண்டன்சரின் ஃபேரட் அளவாலும் வகுக்க வேண்டும். உங்கள் போர்டு சராசரியாக 0.7 ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 1000 மைக்ரோ என்பது 0.001 ஃபேரட், ஆக 7 வோல்ட். 10 மில்லி செகண்ட் முழுவதும் கண்டன்சர் இறங்கிக்கொண்டே இருப்பதாக நினைத்துப் போட்ட கணக்கு இது, உண்மையில் முக்கால் வழியிலேயே அடுத்த அலை ஏறி வந்து பிடித்துக்கொள்ளும், அதனால் 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 15.6இல் தொடங்கி 10.4 வரை இறங்கி மறுபடி ஏறுகிறது, இப்படி நொடிக்கு நூறு தடவை. உங்கள் மீட்டர் அதன் சராசரியைப் பார்த்து 13 சொச்சம் என்கிறது, அப்புறம் வைண்டிங்கில் விழுவதையும் சேர்த்தால் 13க்குக் கீழே. அந்த எண்ணைப் பார்த்து '12க்கு மேலேதானே இருக்கிறது, பிறகென்ன' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் பத்து வோல்ட்தான் கிடைக்கிறது. டிசியைச் சராசரியால் எடை போடக்கூடாது, பள்ளத்தின் அடியைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும். பவர் சப்ளை வேலையில் நான் மதிக்கிற அளவு அது ஒன்றுதான்.

கண்டன்சரை 4700 ஆக்கினால் அதே 0.7 ஆம்ப்புக்கு ரிப்பிள், அதாவது உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள இந்த ஆட்டம், 1.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், பள்ளத்தின் அடி 14க்கு மேல் நிற்கும். அப்படியானால் 22000 போட்டுவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும், பலர் போடவும் செய்கிறார்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்டன்சர் பெரிதாக ஆக, நிரப்பக் கிடைக்கிற நேரம் குறுகிக்கொண்டே போகும், அந்தக் குறுகிய நேரத்தில் பாய்கிற கரண்ட் அதே அளவுக்கு ஏறும். 1000 மைக்ரோவிலேயே உங்கள் சப்ளையில் 10 மில்லி செகண்டில் இரண்டரை மில்லி செகண்ட் மட்டும்தான் டயோடு திறக்கிறது, சராசரி 0.7 ஆம்ப் என்றால் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 3 ஆம்ப் பாய்கிறது. வைண்டிங் சூடாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் இந்த மாதிரி துண்டு துண்டாக வரும் கரண்ட், அதே சராசரியுள்ள சீரான கரண்டைவிட வெகுவாகச் சூடாக்கும். இதனால்தான் பிரிட்ஜும் கண்டன்சரும் போட்ட சப்ளையில், டிரான்ஸ்ஃபார்மரில் எழுதிய ஆம்பியரில் சுமார் 0.6 பங்கைத்தான் டிசியாக எடுக்கலாம் என்று டிரான்ஸ்ஃபார்மர் செய்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 0.6 ஆம்ப் டிசி. நீங்கள் 0.7, 0.8 எடுத்தால் அது இப்போதே ஓவர்லோடு. பாட்டுப் போட்டு அரை மணி கழித்து டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அது கெட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்று அர்த்தமில்லை, அதன் பெலத்துக்கு மேல் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பள்ளப் பிரச்சினை சிங்கிள் பேஸ் ஏசிக்கு மட்டும் உரியது, ஏனென்றால் அது உண்மையாகவே பூஜ்யத்தைத் தொடுகிறது. மூன்று பேஸை ஆறு டயோடு வைத்து நிமிர்த்தினால் ஒரு பேஸ் இறங்கும்போது இன்னொன்று ஏறி வந்துவிடும், கண்டன்சரே இல்லாமல் பள்ளத்தின் அடி உச்சியில் 86.6 சதவீதத்துக்குக் கீழே போகாது. உங்கள் கார் ஆல்டர்னேட்டருக்குள் இருப்பது அதுதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வருகிறதே ±800 கிலோவோல்ட் டிசி லைன், 6000 மெகாவாட் திறன் கொண்டது, அதன் ராய்கர் முனையிலும் நடப்பது இதே பிரிட்ஜ் வேலைதான். சாதா டயோடுக்குப் பதில் எப்போது திறக்க வேண்டும் என்று நாம் சொல்லக்கூடிய தைரிஸ்டர். புகளூர் முனையில் அதையே திருப்பிப்போட்டு டிசியை மறுபடி ஏசி ஆக்குகிறார்கள்.

இப்போது ஹம்மிங். பிரிட்ஜ் ஒழுங்காக இருந்தால் ரிப்பிளின் ஓசை 100 ஹெர்ட்ஸ். ஒயரில் பிடிக்கிற ஹம்மிங், எர்த் சுற்றிக்கொண்டு வருகிற ஹம்மிங் எல்லாம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். 100, 50க்கு ஒரு ஸ்தாயி மேலே. கொஞ்சம் சுருதி ஞானம் இருக்கிறவர்களுக்குக் காதாலேயே பிடிபடும், இல்லாவிட்டால் ஃபோனில் ஸ்பெக்ட்ரம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், போதுமான அளவு துல்லியமாகவே காட்டும். முதல் சோதனை: ஆம்ப்ளிஃபயரின் இன்புட் ஒயரைக் கழற்றிவிட்டு, இன்புட் முனையைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்யுங்கள். ஹம்மிங் நின்றுவிட்டால் பவர் சப்ளையை விட்டுவிடலாம், பிரச்சினை இன்புட் பக்கம். நிற்காமல் 100இல் கேட்டால் ரிப்பிள். நிற்காமல் 50இல் கேட்டால் பிரிட்ஜில் ஒரு டயோடு உள்ளே அறுந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு டயோடு வேலை செய்யாவிட்டால் பாதி அலைதான் வரும், கண்டன்சர் 10க்குப் பதில் 20 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு, டிரான்ஸ்ஃபார்மரின் தகடே 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து ஓசை போடும், அது ஸ்பீக்கரில் வராது, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே வரும். ஒரே பெட்டிக்குள் எல்லாம் இருந்தால் இரண்டும் குழம்பிவிடும், ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

டயோடைச் சோதிக்க மீட்டரில் டயோடு குறி உள்ள ரேஞ்ச் போதும். பவரை எடுத்துவிட்டு, கண்டன்சர் இறங்கியதும், ஒவ்வொரு டயோடுக்கும் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் டயோடு நாலும் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஷார்ட் ஆகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இந்நேரம் புகைந்திருக்கும். 4007 என்பது 1 ஆம்ப், 1000 வோல்ட் டயோடு, பிரிட்ஜில் ஒவ்வொரு ஜோடியும் பாதி நேரம்தான் வேலை செய்வதால் 0.7 ஆம்ப் சப்ளையில் ஒவ்வொன்றுக்கும் சராசரி 0.35 ஆம்ப்தான் வருகிறது. அது திணறாது. 2 ஆம்ப் சப்ளை கட்டும்போது 5408 போடுங்கள், அது 3 ஆம்ப்.

ரிப்பிளை அளக்கிறேன் என்று மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்துக் கண்டன்சர் மேல் பிடித்தால் ஒரு எச்சரிக்கை. மலிவு மீட்டர்கள் சில ஏசி ரேஞ்சில் டிசியைத் தடுப்பதில்லை, இருக்கிற டிசியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும். ஒரு 0.1 அல்லது 0.47 மைக்ரோ பாலியெஸ்டர் கண்டன்சரை மீட்டர் முனையோடு சீரியஸில் போட்டு அளந்தால் அந்தத் தொல்லை போகும். அப்படி அளந்து ஒன்றரை வோல்ட் காட்டினால், உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே அஞ்சு வோல்ட் ஆடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பெட்டியிலிருந்து கழற்றிய கண்டன்சர் என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் ஈரம் உண்டு, வருடக்கணக்கில் சூட்டில் இருந்தால் காய்ந்துவிடும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. மேல் மூடி உப்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். உப்பாமலும் கெடும் என்பதுதான் சிக்கல், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே 1000 மைக்ரோ 200 ஆகியிருக்கும். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டரில் வருடம் போகப்போக ஹம்மிங் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி என்ன செய்யலாம். முதலில், இருக்கிற 1000 மைக்ரோவுக்குப் பேரலலாக 4700 மைக்ரோ 25 வோல்ட் ஒன்றைப் போடுங்கள், 35 வோல்ட் கிடைத்தால் இன்னும் நிம்மதி. 16 வோல்ட் கண்டன்சர் வேண்டவே வேண்டாம், 12 வோல்ட் சப்ளைதானே என்று அதைப் போடுகிறவர்கள் நிறைய, 17.5 வோல்ட்டில் அது நாள்கணக்கில் உப்பும், சில நேரம் வெடிக்கும். பிளஸ் மைனஸ் மாறினால் நிச்சயம் வெடிக்கும், முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவை ஸ்விட்ச் போடாதீர்கள். பிரைமரி பக்கம் (230 வோல்ட் நுழைகிற பக்கம்) ஒரு ஃபியூஸ், இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்குக் கால் ஆம்ப்பே தாராளம். 230 வோல்ட் முனைகள் இரண்டும் முழுதாக மூடியிருக்க வேண்டும், இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், அது சூட்டில் நழுவும்.

7812 என்கிற ரெகுலேட்டர் ஐசி (வோல்ட்டை 12இல் நிலையாக நிறுத்துவது) போட்டால் சுத்தமான 12 வோல்ட் வருமே என்று யாராவது சொல்வார்கள், ஏற்கெனவே சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஒரு நிபந்தனையோடு. 7812க்கு உள்ளே வருகிற வோல்ட் எப்போதும், பள்ளத்தின் அடியிலும்கூட, 14க்கு மேல் இருக்க வேண்டும். இருந்தால் ரிப்பிளை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் பள்ளம் அப்படியே வெளியே வரும், ஐசி போட்டும் ஹம்மிங் போகவில்லையே என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 4700 போட்டபின் பள்ளம் 14ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கும் என்று மேலே கணக்குப் போட்டோம், ஆனால் அது மெயின்ஸ் 230 சரியாக இருக்கும்போது. சாயங்காலம் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடி 200க்கு இறங்கினால் செகண்டரி (டிரான்ஸ்ஃபார்மரின் வெளியே தருகிற பக்கம்) 10.4 ஆகிவிடும், உச்சி 14.8, டயோடு தின்றது போக 13.4, ரிப்பிள் போக 12ஐ ஒட்டி. 7812 கைவிட்டுவிடும். அதனால் 7812தான் வேண்டும் என்றால் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். 10 சதவீதம் மெயின்ஸ் குறைந்தாலும் பள்ளம் 15.5க்கு மேல் நிற்கும். அதே டிரான்ஸ்ஃபார்மர், மெயின்ஸ் 250 வருகிற ராத்திரியில் லோடு இல்லாமல் 25 வோல்ட்டைத் தாண்டும், அதனால் அங்கே கண்டன்சர் 35 வோல்ட் கட்டாயம். 7812இல் 6 வோல்ட் விழுந்து 0.7 ஆம்ப் போனால் 4 வாட்டுக்கு மேல் சூடு, ஹீட் சிங்க் இல்லாமல் அது ஓடாது, சூடேறித் தானே அணைந்துவிடும். என் சொந்த அபிப்பிராயம், ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு 7812 தேவையே இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஐசிகளில் நிறைய 12 முதல் 18 வோல்ட் வரை தாங்கும், ரெகுலேட்டர் இல்லாத சப்ளையில் ஓடும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் போர்டில் எந்த ஐசி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதை உங்களுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐசியின் டேட்டா ஷீட்டில் அதிகபட்ச வோல்ட் என்ன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லோடு இல்லாதபோது 17.5 ஏறுகிறது என்பது நினைவிருக்கட்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் மாற்றப் போகிறீர்கள் என்றால் 12-0-12 வகை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதில் மூன்று ஒயர். நடு ஒயரை மைனஸ் ஆக வைத்து ஓர ஒயர் இரண்டுக்கும் ஆளுக்கொரு டயோடு போட்டால் நீங்கள் எதிர்பார்க்கிற 16 வோல்ட் சொச்சம் வரும், வழியில் ஒரே டயோடு என்பதால் அரை வோல்ட் லாபம்கூட. அதை மறந்து ஓர ஒயர் இரண்டுக்கும் குறுக்கே பிரிட்ஜைப் போட்டால் அது 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சரில் 33, லோடு இல்லாமல் 36, 37 வரை போகும். 7812க்கு 35 வோல்ட்தான் எல்லை. 25 வோல்ட் கண்டன்சர், 7812, போர்டு மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். சர்வீசுக்கு வருகிற வீட்டுத் தயாரிப்பு சப்ளைகளில் நான் அதிகம் பார்த்த தவறு இது.

ஃபோன் சார்ஜர் கேள்விக்கு வருகிறேன். சார்ஜரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, விரல் நுனி அளவில். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பது ஏசி எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லி செகண்ட் நீளம், அவ்வளவு நேரம் ஏறுகிற காந்தத்தைத் தாங்கப் பெரிய கோர் வேண்டும். அதனால் சார்ஜரில் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். 230 வோல்ட்டை நேராகவே பிரிட்ஜில் விட்டு, 325 வோல்ட் டிசி ஆக்கி, அதை ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற டிரான்சிஸ்டர்) நொடிக்கு 65 ஆயிரம் தடவை, ஒரு லட்சம் தடவை என்று வெட்டுகிறது. அவ்வளவு வேகத்தில் சின்ன ஃபெரைட் கோர் போதும். செகண்டரியில் மறுபடி ஒரு டயோடு, ஆனால் 4007 அங்கே உதவாது, அது மூடுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் இந்த வேகத்துக்கு ரொம்ப அதிகம். ஷாட்கி டயோடு போடுவார்கள், வேகமும் அதிகம், அதில் விழுவதும் 0.3, 0.4 வோல்ட்தான். 5 வோல்ட் வெளியே தருகிற இடத்தில் 0.7 வோல்ட்டை டயோடுக்குக் கொடுப்பது பெரிய நஷ்டம். வெளியே வருகிற வோல்ட் கூடினாலோ குறைந்தாலோ ஒரு ஆப்டோகப்ளர் வெளிச்சம் மூலம் முன்பக்கத்துக்குச் செய்தி சொல்லும், ஒயர் தொடர்பு இல்லாமலேயே. எல்லாச் சார்ஜரிலும் ஆப்டோகப்ளர் இருக்காது, சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே தனிச் சுற்று ஒன்றை வைத்து வோல்ட்டைத் தெரிந்துகொள்வார்கள். மெயின்ஸ் ஏற்ற இறக்கம் அதற்குப் பெரிய விஷயமே இல்லை, 100இலிருந்து 240 வரை எதிலும் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருப்பது இதனால்தான்.

சார்ஜரைத் திறந்து பார்த்தால் 400 வோல்ட் என்று எழுதிய கண்டன்சர் ஒன்று தெரியும். 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325, மெயின்ஸ் 253 வந்தால் 358, அதற்குத்தான் 400. உங்கள் 12 வோல்ட்டில் நடந்த அதே கணக்கு, ஆனால் இங்கே தப்பு செய்தால் உயிர் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டன்சர் சார்ஜோடு இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கண்டன்சர், நாலு டயோடு, வோல்ட்டை ஓர் அளவில் நிறுத்துகிற ஜீனர் டயோடு ஒன்று வைத்து 230இலிருந்து 12 வோல்ட் எடுக்கிற சர்க்யூட் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. சர்க்யூட் வேலை செய்யும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 12 வோல்ட்டின் இரண்டு முனையும் மெயின்ஸோடு நேராக இணைந்திருக்கிறது, பேஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பதைப் பொறுத்துக் கிரவுண்டைத் தொட்டாலே 230 அடிக்கும். மூடிய எல்ஈடி பல்புக்குள் இருக்கலாம், கை படுகிற வால்யூம் கண்ட்ரோலும் ஃபோன் ஒயரும் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு அது எந்த நிலையிலும் ஆகாது. வேலை கற்றுக்கொள்கிறவர் முதல் சப்ளையை இந்தக் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். பாட்டுக் கேட்டால் போதும் என்றால் 12 வோல்ட் 3 ஆம்ப் ரெடிமேட் அடாப்டர், பிஐஎஸ் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது இன்றைக்குச் சுலபமான வழி, அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியாக ஒயரிங், ஏனென்றால் கண்டன்சரைப் பெரிதாக்கியும் 100 ஹெர்ட்ஸ் ஹம்மிங் போகாவிட்டால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். பிரிட்ஜுக்கும் கண்டன்சருக்கும் நடுவே ஓடுகிற ஒயரில் 3 ஆம்ப், 4 ஆம்ப் துண்டு துண்டாகப் பாய்கிறது என்று சொன்னேன் இல்லையா, அந்த ஒயரில் ஒரு சிறு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் அதன் குறுக்கே பத்துக் கணக்கான மில்லிவோல்ட் நூறு ஹெர்ட்ஸில் ஆடும். ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டை பிரிட்ஜின் மைனஸ் காலில் பற்றவைத்தால் அந்த ஆட்டம் முழுவதும் பாட்டோடு கலந்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற பிளஸ், மைனஸ் இரண்டையும் கண்டன்சரின் காலிலிருந்தே எடுங்கள், இன்புட் ஷீல்டு ஒயரின் கிரவுண்டை ஆம்ப்ளிஃபயர் போர்டில் ஒரே இடத்தில் மட்டும் சேருங்கள், டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் பக்கத்திலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு மூன்று ரீடிங் எழுதுங்கள்: லோடோடு செகண்டரி ஏசி, லோடோடு கண்டன்சர் டிசி, பாட்டு ஓடும்போது போர்டு எடுக்கிற கரண்ட். கூடவே அந்த ஐசியின் நம்பர். அவை இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றத்தான் வேண்டுமா, கண்டன்சரோடு நிறுத்தலாமா என்று சொல்லிவிடலாம்.